பழைய சிஸ்டத்துக்கு வேறு பிராசஸர் போடலாமா?

தருமபுரியில் சிஸ்டம் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், அதைக் கீழே இறக்குவதற்கு முன்பே கேட்பது 'பிராசஸரை மாத்திட்டா ஸ்பீடாயிடுமா?' என்றுதான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

காவேரிப்பட்டணம், மாங்காய் மண்டி: அண்ணா, ஐ3 2120, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். டேலி கணக்கு சாஃப்ட்வேரைக் கிளிக் பண்ணிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். ஐ7 போடட்டுமா?

ஐ7 போட்டாலும் டீ குடிக்க நேரம் இருக்கும், தம்பி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு டேலியைத் தொடங்குங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்க, சிபியு, அதாவது பிராசஸர், 20, 30இல் சும்மா கிடந்தால், பிராசஸர் மேல் தப்பில்லை. ஹார்ட் டிஸ்க் தேடி எடுத்துக் கொடுக்கும்வரை அது காத்திருக்கிறது, அவ்வளவுதான். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, அதைவிடப் பல மடங்கு வேகமான சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், ரேமை 8 ஆக்குங்கள். உங்களுடையது ஹெச்61 மதர்போர்டாக இருந்தால், டிஸ்க்கை இணைக்கும் வழி பழைய சாட்டா 2தான், எஸ்எஸ்டியின் முழு வேகமும் வராது. பரவாயில்லை, வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

அதே மண்டியிலிருந்து: சரி அண்ணா, அதற்கு அப்புறமும் ஆசை இருந்தால்?

இருந்தால் ஐ5 3470 செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். உங்களுடையது இரண்டாம் தலைமுறை, அது மூன்றாம் தலைமுறை. இரண்டுக்கும் போர்டில் உட்காரும் இடம், அதாவது சாக்கெட், ஒரே 1155தான். உங்களுடையதில் வேலை செய்யும் மூளை, அதாவது கோர், 2; அதில் 4. ஆனால் ஹெச்61இல் மூன்றாம் தலைமுறை ஏற, பல போர்டுகளுக்குப் பயாஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வேண்டும். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே அதை முடித்துவிடுங்கள். கழற்றிய பிறகு நினைவு வந்தால் திரும்ப மாட்ட வேண்டியதுதான். யூபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். கடை வைத்த புதிதில் பாதி அப்டேட்டில் கரன்ட் போய், ஒருவருடைய போர்டைச் சாகடித்துவிட்டேன். வேறு போர்டு வாங்கிக் கொடுத்தேன், என் காசில்.

ஓசூர், கல்யாண வீடியோ எடிட்டிங்: ஐ3 6100, ஹெச்110 போர்டு. ஐ5 8400உம் 1151 சாக்கெட்தானே, அப்படியே உட்காருமே?

உட்காரும், ஓடாது. எண் ஒன்றுதான், ஆனால் 8400 எட்டாம் தலைமுறை, அதற்கு 300 வரிசை போர்டு வேண்டும். உங்கள் போர்டுக்கு ஆறாம், ஏழாம் தலைமுறைதான், அதாவது ஐ7 6700, 7700 வரை. பிராசஸர் மாற்றினால் நிஜமாகவே பயன் கிடைக்கும் வேலை உங்களுடையதுதான். எடிட் முடித்து வீடியோவை உருவாக்கும் ரெண்டர் ஓடும்போது பாருங்கள், எல்லா கோரும் 100இல் நிற்கும். ஆனாலும் நான் தடுப்பேன். இந்த மாதிரி போர்டு வைத்திருக்கிற எல்லோரும் அந்த ஐ7ஐத்தான் தேடுவார்கள், அதனால் விலை லேசில் இறங்காது. 2022இல் வந்த ஐ3 12100க்கும் அதே 4 கோர், 8 த்ரெட்தான் (த்ரெட் என்றால் ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), ஒவ்வொரு கோரும் அதைவிட வேகம். பழைய ஐ7க்குக் கொடுக்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, போர்டோடு மாறிவிடுங்கள்.

கிருஷ்ணகிரி, கிரானைட் பாலிஷ் பட்டறை: காலையில் நன்றாக ஓடுகிறது, மதியத்துக்கு மேல் படுத்துவிடுகிறது. பிராசஸர் வயசாகிவிட்டதா?

வயசெல்லாம் இல்லை, மூச்சு முட்டுகிறது. உங்கள் பக்கத்துப் பெட்டி ஒன்றைப் போன மாதம் திறந்தேன். கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே கல் தூள் சிமென்ட் பூசியதுபோல் அடைத்திருந்தது, ஃபேன் அதன்மேல் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. சூடு ஏறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அங்கே ஐ9ஐக் கொண்டுபோய் வைத்தாலும் இதே கதைதான். ப்ளோயரால் ஊதுங்கள், ஆனால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும், இல்லாவிட்டால் கண்டபடி சுற்றிக் கெடும். பிறகு பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதைத் துடைத்து, பட்டாணி அளவு புதிது வையுங்கள்.

அரூர், கல்லூரி மாணவர்: ரைசன் 3 2200ஜி, பி450 போர்டு. ரைசன் 5 5600 போடலாமா?

தாராளமாக. உங்கள் போர்டில் இருக்கும் ஏஎம்4 சாக்கெட்டில், போர்டை மாற்றாமல் புதிய தலைமுறைக்குப் போகும் வசதி உண்டு. பயாஸை மட்டும் முதலில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: 2200ஜியில் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, 5600இல் கிடையாது. தனி கார்டு இல்லையென்றால் 5600ஜி வாங்குங்கள். இது தெரியாமல் மாட்டிவிட்டு, திரை கறுப்பாக இருக்கிறது, போர்டு போச்சு என்று பதறி வந்தவர்கள் உண்டு. கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். பேஸ்ட் பிடித்து, பிராசஸரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியில் ஊசி மாதிரி இருக்கும் பின்கள் வளையும். சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, சூடு இருக்கும்போதே இடவலமாகத் திருகி எடுங்கள்.

பாலக்கோடு, ஓய்வு பெற்ற ஆசிரியர்: ஐ5 4460 வைத்திருக்கிறேன். விண்டோஸ் 11க்காக ஐ7 4790 வாங்கலாமா?

வேண்டாம் ஐயா. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்தது, அந்தக் கவலை சரிதான். ஆனால் 11 முறைப்படி கேட்பது இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல்தான், கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. உங்களுடையதும் அந்த 4790உம் நான்காம் தலைமுறை, அதில் எதை வாங்கினாலும் அந்தக் கதவு திறக்காது. செய்தி படிக்க, கடிதம் அடிக்க, யூடியூப் பார்க்க என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டுத் தருகிறேன், இதே பெட்டியில் சுகமாக ஓடும்.

ஊத்தங்கரை: கோர் 2 டுவோவுக்கு குவாட் போட்டால்?

காசை வைத்துக்கொள்ளுங்கள்.

பென்னாகரம்: பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய பிராசஸர் வாங்கலாமா, பயமாக இருக்கிறது.

பிராசஸருக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். போர்டு சாகிற அளவுக்குப் பிராசஸர் சாகாது. மேலே பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள், கடையிலேயே ஒரு போர்டில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இன்டெலில் இந்த சாக்கெட்டுகளின் பின் எல்லாம் போர்டில்தான் இருக்கும். அதனால் பழைய போர்டும் சேர்த்து வாங்கினால், மூடியைத் திறந்து செல்போன் லைட்டைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். வளைந்த பின் ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னும்.