ஒவ்வொரு சளியும் காதுவலியில் போய் முடிகிறதே, ஏன்?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது, எடை 14 கிலோ. மழலையர் பள்ளியில் சேர்த்ததிலிருந்து மாதம் தவறாமல் சளி, மூக்கடைப்பு, இருமல். கடந்த பத்து மாதங்களில் மூன்று முறை, சளி பிடித்த மூன்றாம் நாலாம் நாள் நள்ளிரவில் காதைப் பிடித்துக்கொண்டு அலறினான். முதல் முறை 103 டிகிரி காய்ச்சல், ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை காய்ச்சல் அதிகமில்லை. வலி மருந்து மட்டும் கொடுத்து இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார்கள். மூன்றாம் முறை, ஆறு வாரம் முன்பு, காலையில் பார்த்தால் தலையணையெல்லாம் சீழ், மறுபடி ஆன்டிபயாடிக். வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்தினோம், மிச்சம் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அடுத்த முறை அதைக் கொடுக்கலாமா? இப்போது டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் அந்த பாட்டிலை எடுத்துப் போட்டுவிடுங்கள். தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப் ஓரிரு வாரம்தான் தாங்கும். அதிலும் பாதி பாட்டில் என்பது பாதி சிகிச்சை. சரி, இப்போது காதுக்கு வருவோம்.

உங்கள் மகனுடைய பிரச்சினை காதில் தொடங்கவில்லை, மூக்கில்தான் தொடங்குகிறது. மூக்கின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்க ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறு அறிஞர் யூஸ்டாக்கியின் பெயரால் அதை யூஸ்டேஷியன் குழாய் என்கிறோம். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து மூடும். செவிப்பறைக்குப் பின்னால் காற்று போய் வருவது அந்த வழியில்தான். விமானம் இறங்கும்போது காது 'டப்'பென்று திறக்கிறதே, அதுவும் இந்தக் குழாயின் வேலைதான்.

பெரியவர்களுக்கு இந்தக் குழாய் நீளமாக, நன்றாகச் சரிந்து இருக்கும். சிறு குழந்தைகளுக்கோ கிட்டத்தட்ட பாதி நீளம், ஏறக்குறைய படுத்த நிலை. சளி பிடித்து மூக்கின் உள்சவ்வு வீங்கியதும் குழாயின் வாய் அடைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்றை உடல் உறிஞ்சிவிட, அந்த வெற்றிடத்தில் நீர் சுரந்து தேங்கும். மூக்கில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அங்கே ஏறிப் பெருகினால் நீர் சீழாகி, செவிப்பறையைப் பின்னாலிருந்து தள்ளும். வலி அந்த இழுவிசையால் வருவது. படுத்தால் அழுத்தம் கூடும், அதனால்தான் நள்ளிரவில் அலறுகிறான். நீர் தேங்கிச் சீழாக நேரம் பிடிப்பதால்தான் சளிக்கும் காதுவலிக்கும் நடுவே மூன்று நாலு நாள் இடைவெளி இருக்கிறது.

மாதம் ஒரு சளி என்பதைக் கேட்டால் நோய் எதிர்ப்பு சக்தி குறைவோ என்று தோன்றும். பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்புதான். சிலருக்கு அதற்கு மேலும் வரும். சளியை உண்டாக்கும் வைரஸ்கள் இருநூறுக்கு மேல். ஒன்றுக்கு எதிர்ப்பு உண்டானாலும் அடுத்தது காத்திருக்கும். மூக்குச்சளி மூன்றாம் நாள் மஞ்சளாக, பச்சையாக மாறுவதைப் பார்த்து 'பழுத்துவிட்டது, ஆன்டிபயாடிக் வேண்டும்' என்று பலர் வருகிறார்கள். அந்த நிறம் நம் வெள்ளை அணுக்கள் வேலை செய்வதன் அடையாளம், வைரஸ் சளியிலும் வரும். பத்து நாளுக்கு மேல் சளி சற்றும் குறையாவிட்டாலோ, குறைந்து வந்த சளி மறுபடி காய்ச்சலோடு கிளம்பினாலோ சைனஸ் தொற்றாக இருக்கலாம். இருமலோ மூக்கொழுகலோ இல்லாமல் திடீர்க் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் வந்தால், குறிப்பாக ஐந்து வயதுக்கு மேல், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆன்டிபயாடிக்கை அரைகுறையாக விட்டால் பின்னால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைக் கெடுக்கும் ஆபத்து உண்டு.

ஒரு முறை ஆன்டிபயாடிக், இன்னொரு முறை வலி மருந்து மட்டும் என்றால் எது சரி என்று குழப்பம் வரும். என் பார்வையில் மூன்று முறையும் மருத்துவர்கள் செய்தது சரி. நடுக்காதுத் தொற்று பெரும்பாலும் தானாகவே இரண்டு மூன்று நாளில் தணியும். ஐந்து குழந்தைகளில் நான்கு பேருக்கு அப்படித்தான். அதனால் இரண்டு வயதைத் தாண்டிய, காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸுக்குள் (அதாவது 102-க்குள்) இருக்கிற, வலி மிதமாக உள்ள குழந்தைக்கு வலி மருந்து மட்டும் கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம். குறையவில்லை என்றால் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். உங்கள் மகனின் இரண்டாம் முறை அந்த வகை. முதல் முறை காய்ச்சல் அதிகம், மூன்றாம் முறை காதிலிருந்து சீழ். இரண்டிலும் காத்திருப்பது தப்பு. ஆறு மாதம் நிறையாத பச்சைக் குழந்தைக்கும் காத்திருக்கக் கூடாது. இரண்டு வயதுக்குள் இரு காதிலும் தொற்று இருந்தாலும் அப்படித்தான்.

பொதுவாக முதலில் தருவது அமாக்சிசிலின். மூன்றரை வயதில் சாதாரணத் தொற்றுக்கு ஏழு நாள், தீவிரமானதற்குப் பத்து நாள் வரை. வலி முதல் இரண்டு நாளில் போய்விடும், அதோடு நிறுத்திவிடத் தோன்றும். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, மருத்துவர் வீட்டிலேயே நடக்கிற விஷயம் இது.

ஆன்டிபயாடிக் முதல் நாள் வலியைக் குறைக்காது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அன்றைய இரவு குழந்தையைத் தூங்க வைப்பது பாராசிட்டமால்தான். எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. உங்கள் மகனுக்கு ஒரு வேளைக்கு சுமார் 200 மில்லிகிராம், வேளைகளுக்கு இடையே ஆறு மணி நேரம், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். சிரப்பில் 5 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். 'ஒரு மூடி' கணக்கில் ஊற்றாமல் லேபிளைப் படித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. அரிதாக ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்குறியை அது கொண்டுவரலாம்.

மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு விடலாம், தூங்கப் போகும் முன் விட்டால் நல்லது. சிந்தும்போது ஒரு மூக்கை மூடி மற்றதை மெதுவாகச் சிந்தப் பழக்குங்கள். இரண்டையும் சேர்த்து ஓங்கிச் சிந்தினால் சளி காதுப் பக்கம் ஏறும். சளியை 'உலர்த்தும்' சிரப்புகள் நடுக்காது நீரைக் குறைப்பதில்லை, தூக்கமும் படபடப்பும்தான் மிச்சம். காதுக்குள் எண்ணெயோ வேறெதுவுமோ ஊற்ற வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஊற்றியது நேராக நடுக்காதுக்குள் போகும்.

தலையணையில் சீழைப் பார்த்து எவ்வளவு பதறியிருப்பீர்கள் என்று தெரிகிறது. ஆனால் அந்த இரவில் சீழ் வெளியேறியதும் வலி சட்டென்று குறைந்திருக்குமே? செவிப்பறை சிறிதாகக் கிழிந்து அழுத்தத்தை இறக்கிவிட்டது, அவ்வளவுதான். பெரும்பாலான கிழிசல்கள் சில வாரங்களில் தானாக மூடிவிடும். உங்கள் மகனுக்கு மூடிவிட்டதா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

அப்புறம் டிவி சத்தம். தொற்று அடங்கிய பிறகும் நடுக்காதில் நீர் தங்கிவிடும், வலி இருக்காது. தண்ணீருக்குள் இருந்து கேட்பது போல எல்லாம் மங்கிக் கேட்கும். குழந்தை 'சொன்ன பேச்சு கேட்பதில்லை' என்று திட்டு வாங்குவது இந்த நேரத்தில்தான். பெரும்பாலானோருக்கு மூன்று மாதத்துக்குள் இந்த நீர் வற்றிவிடும், கேட்கும் திறனும் திரும்பிவிடும். இது நிரந்தரச் செவிடு அல்ல. மூன்று மாதம் தாண்டியும் நீர் நின்று, பரிசோதனையில் கேட்பது குறைந்திருந்தால், செவிப்பறையில் கிராமெட் எனப்படும் மிகச் சிறிய குழாய் வைப்பது பற்றி யோசிப்பார்கள். பெரும்பாலும் அது ஆறு முதல் பதினெட்டு மாதத்துக்குள் தானாக விழுந்துவிடும். ஆறு மாதத்தில் மூன்று முறையோ, ஒரு வருடத்தில் நான்கு முறையோ தொற்று வந்தாலும் அந்தப் பேச்சு வரும். உங்கள் மகன் இன்னும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. வாயைத் திறந்தபடி தூங்குவது, குறட்டை இவையும் இருந்தால் மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு என்ற சதையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தடுப்பதில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. நியூமோகாக்கஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள், இன்ஃப்ளூயன்சா ஊசியை வருடா வருடம் போடுங்கள். வீட்டில் யாரும் புகைக்கக் கூடாது. பால்கனியில் நின்று பிடித்தாலும் புகை உடையோடு உள்ளே வரும். படுத்தபடி பாட்டிலில் குடிக்கும் பழக்கம் இன்னும் இருந்தால் விடச் செய்யுங்கள். மற்றபடி வளர்ச்சிதான் மருந்து, ஆறேழு வயதுக்குள் குழாய் நீண்டு சரிந்துவிடும்.

காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி மடல் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால், முகம் ஒருபக்கம் கோணினால், கழுத்து விறைத்தால், நடை தள்ளாடினால், எழுப்ப முடியாமல் சோர்ந்து கிடந்தால் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வேகமெடுத்து விலா உள்வாங்கினாலும், எச்சிலை விழுங்க முடியாமல் வாயிலிருந்து வழிந்தாலும் அதே அவசரம்தான்.

இந்த வாரமே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செவிப்பறையைக் காட்டி, கேட்கும் திறனையும் நடுக்காது அழுத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே ஓட்டை மூடிவிட்டது என்று சொல்லும் வரை தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காதில் வையுங்கள், நீச்சல் வேண்டாம்.