ரத்தம் ஏற்றிய பிறகு எத்தனை மணி நேரம் கழித்து ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும்? மற்ற டெஸ்டுகளுக்கும் காத்திருக்க வேண்டுமா?

ஹீமோகுளோபினுக்கு ரொம்பக் காத்திருக்கத் தேவையில்லை. '24 மணி நேரம் கழித்துத்தான் சரியான அளவு தெரியும்' என்பது பழைய பழக்கம். ரத்தக் கசிவு இல்லாத, நிலையாக இருக்கும் நோயாளிக்குப் பை முடிந்து 15 நிமிடத்தில் எடுத்த அளவும் மறுநாள் எடுத்த அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வசதிக்காக ஒரு மணி நேரம் விட்டு எடுக்கலாம். அவசரமில்லாதவருக்கு மறுநாள் காலை வழக்கமாக எடுக்கும் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் போதும், இன்னொரு ஊசிக்குத்து மிச்சம்.

பெரியவர்களுக்கு ஒரு யூனிட் (ஒரு பை) சிவப்பணு ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் ஏறும். ஒல்லியானவருக்குக் கொஞ்சம் கூடுதலாக, பருமனானவருக்குக் குறைவாக. ஏறவே இல்லையென்றால் முதலில் சாம்பிள் எடுத்த கையைக் கேளுங்கள். ட்ரிப் ஓடும் கையில், ஊசிக்கு மேல் பக்கத்தில் எடுத்திருந்தால் சலைனும் சேர்ந்தே குழாய்க்குள் வந்திருக்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஹீமோகுளோபினோடு வெள்ளையணு, தட்டணு எல்லாமே ஒரே விகிதத்தில் குறைந்திருக்கும். ஓடியது டெக்ஸ்ட்ரோஸ் என்றால் சர்க்கரை நோயே இல்லாதவருக்கு சர்க்கரை 600 என்று வரும். மறு கையில் திரும்ப எடுத்தாலே குழப்பம் தீர்ந்துவிடும். அப்படி எடுத்தும் ஏறவில்லை என்றால்தான் எங்கோ ரத்தம் கசிகிறதா, அணுக்கள் உடைகின்றனவா, நரம்பு வழியாகத் திரவம் அதிகம் போய்விட்டதா என்று தேட வேண்டும்.

உண்மையில் சிக்கல் மற்ற டெஸ்டுகளில்தான். ஏற்றிய அணுக்கள் கொடையாளருடையவை. கடைசி அணு மறைய மூன்று, நான்கு மாதம் ஆகும். அதுவரை உங்கள் ரத்தத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். தலசீமியா, சிக்கிள் செல் பார்க்கும் ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரெசிஸ், சிவப்பணுவில் உள்ள ஒரு நொதியின் குறைபாட்டைப் பார்க்கும் ஜி6பிடி இரண்டுக்கும் குறைந்தது மூன்று மாதம் விட வேண்டும். தலசீமியா கேரியர் (நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்) ஒருவருக்கு வழக்கமாகக் கூடியிருக்கும் ஹீமோகுளோபின் ஏ2 அளவு கொடையாளர் அணுக்களால் நீர்த்துப்போய் 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரலாம். அதை நம்பித் திருமண ஆலோசனை சொன்னால் என்னாகும் என்று யோசியுங்கள். மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் அதே மூன்று மாதத்துக்கு நம்பத்தகுந்ததல்ல. அதுவரை விரல்நுனி சர்க்கரையோ, சிவப்பணுவைச் சாராமல் கடந்த சில வார சர்க்கரையைக் காட்டும் ஃப்ரக்டோசமினோ பாருங்கள்.

ரத்தத்தில் உள்ள இரும்பைக் காட்டும் சீரம் இரும்பு, டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் இரண்டும் ஏற்றியவுடன் பொய்யாக உயர்ந்து நிற்கும். ஒரு யூனிட்டுக்குள் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறதே! பி12, ஃபோலேட், ரெட்டிகுலோசைட் (புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள்), ரத்தப் படலம் (நுண்ணோக்கியில் அணுக்களைப் பார்ப்பது) எல்லாம் ஏற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டியவை. ரத்த சோகைக்குக் காரணம் தெரியாத நிலையில் ரத்தம் ஏற்றப் போகிறார்கள் என்றால், பை தொங்குவதற்கு முன் ஒரு ஊதா மூடிக் குழாயும் ஒரு சீரம் குழாயும் கூடுதலாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எந்த டெஸ்ட் என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம். ஏற்றிய பிறகு இந்தச் சாம்பிள் மீண்டும் கிடைக்காது.

அடுத்த முறை ரத்தம் ஏற்ற நேர்ந்தால் பழைய க்ராஸ்மேட்ச் (கொடையாளர் ரத்தம் பொருந்துகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) சாம்பிள் செல்லாது. கடந்த மூன்று மாதத்துக்குள் ஏற்றியவருக்கு, ஏற்றும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் எடுத்த புது சாம்பிள் வேண்டும். கொடையாளர் அணுக்களுக்கு எதிராக உடலில் புதிய ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உருவாகியிருக்கலாம்.

அந்த ஆன்டிபாடியாலேயே இன்னொரு தொல்லையும் வரும். ஏற்றி 3 முதல் 14 நாளுக்குள் ஏறிய ஹீமோகுளோபின் காரணமில்லாமல் இறங்கி, கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, காய்ச்சலும் வந்தால் அது தாமதமாக நிகழும் அணுச் சிதைவாக இருக்கலாம். அப்போது நாள் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், ரத்தம் ஏற்றிய தேதியை முதலில் சொல்லுங்கள். அணுக்கள் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று காட்டும் கூம்ப்ஸ் டெஸ்ட், அணுக்கள் உடைந்தால் உயரும் பிலிருபின், எல்டிஹெச் எல்லாம் அன்றே பார்ப்பார்கள்.