முகங்களை மூளை எப்படிப் படிக்கிறது?

கேள்வி: முகத்தை அடையாளம் காணும் திறன் பிறவியிலேயே அமைந்ததா, பழக்கத்தால் வருவதா?

பதில்: இரண்டும் உண்டு. ஆனால் பழக்கத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரியது. கண், மூக்கு, வாய் ஆகியவை உரிய இடங்களில் வரையப்பட்ட அட்டையையும், அவையே இடம்மாற்றிக் கலைத்து வரையப்பட்ட அட்டையையும் பிறந்து சில நிமிடங்களே ஆன சிசுக்களின் முன் மெல்ல நகர்த்திப் பார்த்தபோது, முகம் போன்ற அட்டையையே அவை அதிகம் பின்தொடர்ந்தன என்று 1975இல் வெளியான ஆய்வு காட்டியது. இதை முகத்தை அறிவது என்று சொல்லிவிட முடியாது. முகம் இருக்கும் பக்கம் பார்வையைத் திருப்பிவிடும் ஓர் ஈர்ப்பு, அவ்வளவே. அந்த ஈர்ப்பால் குழந்தையின் கண்முன் முகங்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கின்றன. அவற்றிலிருந்து மூளை கற்கத் தொடங்குகிறது.

கற்பதற்கு முகங்களே கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மார்கரெட் லிவிங்ஸ்டன் குழுவினர் சில குரங்குக் குட்டிகளை, பிறந்தது முதல் எந்த முகமும் அவற்றின் கண்ணில் படாமல் வளர்த்தார்கள். பராமரித்தவர்கள் வெல்டிங் முகமூடி அணிந்தே அவற்றுக்குப் பாலூட்டினார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, மற்றக் குரங்குகளுக்கு இருக்கும் முகத்துக்கான மூளைப் பகுதிகள் இவற்றுக்கு உருவாகவில்லை. கைகளுக்கான பகுதிகளோ வழக்கம்போல் உருவாகியிருந்தன, ஏனெனில் தங்கள் கைகளையும் பராமரிப்பவர்களின் கைகளையும் அவை நாள்தோறும் பார்த்துவந்தன. இத்தகைய பரிசோதனை தேவைதானா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பரிசோதனை தந்த விடை ஐயத்துக்கு இடமில்லாதது.

மனிதர்களிடமும் இதற்குச் சான்று உண்டு. இரு கண்களிலும் அடர்ந்த புரையோடு பிறந்து, இரண்டு முதல் ஆறு மாதங்களுக்குள் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்றவர்களைக் கனடிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். கண், வாய் போன்ற உறுப்புகளின் வடிவ வேறுபாட்டை அவர்களால் கண்டுகொள்ள முடிந்தது. கண்களுக்கு இடையிலுள்ள தொலைவு போன்ற நுட்பமான இடைவெளி மாற்றங்களை மற்றவர்களைப் போல் கண்டுகொள்ள முடியவில்லை. பிறந்ததும் இழந்த அந்தச் சில மாதங்களைப் பின்னால் வந்த பல ஆண்டுப் பார்வையால் ஈடுசெய்ய இயலவில்லை.

கேள்வி: வேற்று இனத்தவரின் முகங்கள் நமக்கு ஒன்றுபோலவே தோன்றுவது ஏன்?

பதில்: கற்றலுக்கு மூளை கொடுக்கும் விலை அது. ஆறு மாதக் குழந்தை இரு குரங்குகளின் முகங்களை வேறுபடுத்தி அறிகிறது. ஒன்பது மாதக் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் அது முடிவதில்லை என்று ஒலிவியே பாஸ்கலிஸ் குழுவினர் 2002இல் காட்டினார்கள். சுற்றிலும் காணும் முகங்களுக்கு ஏற்ப மூளை கூர்மையடைகிறது, காணாதவற்றில் மழுங்குகிறது. இதை இனவெறுப்பு என்று எண்ணிவிட வேண்டாம். கொரியாவில் பிறந்து, சிறுவயதிலேயே ஐரோப்பியக் குடும்பங்களால் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவர்கள், கிழக்காசிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களையே நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

கேள்வி: பொருள்களை அறியும் மூளைப் பகுதியும் முகங்களை அறியும் பகுதியும் ஒன்றுதானா?

பதில்: தொடக்கம் ஒன்று. கண்ணிலிருந்து வரும் செய்தி முதலில் மூளையின் பின்பகுதியை அடைகிறது. குறிப்பிட்ட சாய்வுள்ள கோடுகளுக்கும் விளிம்புகளுக்கும் மட்டுமே தூண்டப்படும் செல்களை அங்கே கண்டறிந்த டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் 1981இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அங்கிருந்து செய்தி மூளையின் அடிப்பக்கமாக முன்னோக்கிச் செல்லச் செல்ல, கோடுகள் வடிவங்களாகவும், வடிவங்கள் பொருள்களாகவும் கூடுகின்றன. அந்தப் பாதையில் முகங்களைக் கண்டால் மிகுதியாக இயங்கும் பகுதி ஒன்றை 1997இல் நான்சி கான்விஷர் குழுவினர் விவரித்தார்கள். ஃபியூசிஃபார்ம் முகப்பகுதி என்பது அதன் பெயர். பறவைகளையும் கார்களையும் ஆழ்ந்து அறிந்தவர்கள் அவற்றைப் பார்க்கும்போதும் அப்பகுதி கூடுதலாக இயங்குவதாக இசபெல் கோத்தியே 2000இல் காட்டியதால், அது முகங்களுக்கே உரியதா, நுட்பமான தேர்ச்சி அனைத்துக்கும் பொதுவானதா என்ற வாதம் இன்றும் தொடர்கிறது. முகங்களுக்கே உரியது என்பவர்களின் தரப்பே வலுவானது என்பேன்: மூளைக் காயத்தால் நெருங்கிய உறவினரின் முகத்தைக்கூட அறிய முடியாமல் போன சிலர், மற்றப் பொருள்களைத் தடுமாறாமல் அடையாளம் காண்கிறார்கள், அந்த உறவினர் வாய் திறந்து பேசியதும், குரலைக் கொண்டு யாரென்று உடனே சொல்லிவிடுகிறார்கள்.