மார்ச் தொடக்கத்தில் கன்னியாகுமரியிலிருந்து ரயிலிலேயே போய் காஷ்மீர் பனியைப் பார்க்க முடியுமா? வயதான அம்மாவை அழைத்துப் போகலாமா?

முடியும். அம்மாவைக் கண்டிப்பாகக் கூட்டிக்கொண்டு போங்கள். இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் "இந்த வயசில் எதுக்கு" என்று உங்கள் வீட்டிலும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டில் சொன்னார்கள், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் போனது, காஷ்மீர் ரயில் பாதையை மற்ற ஊர்களோடு இணைக்கும் செனாப் ஆற்றுப் பாலம் திறப்பதற்கு முன்பு. நாகர்கோவில் சந்திப்பில், கன்னியாகுமரியிலிருந்து வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஏறினோம். மூன்று இரவு வண்டியிலேயே கழிந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. கீழ் பெர்த் கிடைத்ததால் சமாளித்தாள். "விமானத்தில் போயிருக்கலாமே" என்று கருத்து போட வருகிறவர்களுக்கு: அம்மாவுக்கு விமானம் என்றால் பயம். அவளுக்காகப் போன பயணம், அவளுக்குப் பிடித்த மாதிரிதான் போவேன்.

ஜம்முவிலிருந்து பனிஹால் வரை அப்போது கார்தான், அங்கிருந்துதான் ஸ்ரீநகருக்கு ரயில். ராம்பன் பக்கம் மண்சரிவில் மணிக்கணக்காக நின்றோம். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹிம்சாகர் ஜம்மு தாண்டி கட்ரா வரை போகும். 2025 ஜூனில் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் வந்துவிட்டது, சுமார் மூன்று மணி நேரம். ஆனால் படம் பார்த்து ஏமாறாதீர்கள். கட்ராவுக்கும் பனிஹாலுக்கும் இடையே உள்ள 111 கி.மீ. பாதையில் 97 கி.மீ. சுரங்கம். செனாப் பாலம் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரம், பெரிய சாதனைதான், ஆனால் வண்டி அதைச் சட்டென்று கடந்துவிடும். பனிக்காகப் போகிறவர் பனிஹாலுக்குப் பிறகு தூங்காமல் இருக்க வேண்டும்.

பனிஹாலில் நாங்கள் ஏறியபோது வெளியே ஈரப் பாறையும் மேகமும்தான். அப்புறம் பீர் பஞ்சால் சுரங்கம், 11 கி.மீ., பத்து நிமிஷம் போல இருட்டு. அதைத் தாண்டி காஜிகுண்ட் பக்கம் வந்ததும் வயல், கூரை, வேலி, இலையில்லாத மரக்கிளை எல்லாமே வெள்ளை. நல்ல வெயிலும் அடித்தது. "மக்களே, புத்தளம் உப்பளத்தை இங்க கொண்டுவந்து கொட்டினது போல இருக்கே" என்றாள் அம்மா. ஃபெரன் என்ற காஷ்மீரி நீள அங்கி போட்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தார். பையிலிருந்து அக்ரூட் எடுத்து உடைத்துக் கொடுத்தார். அவர் காஷ்மீரியில் பேச, அம்மா தமிழில் பதில் சொல்ல, அனந்த்நாக் வரை அப்படியே போனது. ஊருக்கு வந்த பிறகும் அம்மா பனியைவிட அந்தப் பெரியவரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறாள்.

மூச்சு முட்டாதா என்று பயப்படுவீர்கள். ஸ்ரீநகர் கிட்டத்தட்ட 1,600 மீட்டர் உயரம்தான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். ஊட்டிக்குப் போய் வந்தவர் இதற்கும் போகலாம். இதய நோய், ஆஸ்துமா இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள். நான் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் வளைகுடாவிலிருந்து அண்ணன் அழைத்தார். "அம்மைக்கு ஏதாவது ஆகியிருந்தா யாரு பதில் சொல்லுவா?" என்றார். அவர் கட்டிய வீட்டுக்கு இத்தனை வருடம் காவல் இருந்தது அம்மாதான். ரப்பர் வெட்ட ஆள் வந்தாச்சா, பேரப்பிள்ளை சாப்பிட்டாச்சா என்று கேட்கத்தான் அழைப்பு வரும். அவளுக்கு என்ன பார்க்க ஆசை என்று யாரும் கேட்டதில்லை. அதுவரை திருச்செந்தூரைத் தாண்டி அவள் போனது அப்பாவின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்துக்கு மட்டும். இதை எழுதும்போது இப்போதும் கோபம் வருகிறது.

சரி, உங்கள் விஷயம். மார்ச் முதல் வாரமே போங்கள். அப்போதும் பள்ளத்தாக்கில் பனி கிடப்பது அந்த வருஷத்தைப் பொறுத்தது, நாள் போகப் போகக் கரைந்து மலையில் மட்டும் நிற்கும். பாதாம் பூ, டுலிப் பார்க்க மாதக் கடைசி வேண்டும். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைப்பது கஷ்டம். ஸ்ரீநகரில் இறங்கிய மறுநாள் பனிஹாலுக்குப் போகும் சாதாரண ரயிலில் ஒரு தடவை போய் வாருங்கள். அது ஒவ்வொரு நிலையத்திலும் நிற்கும், நிதானமாகப் பார்க்கலாம். ஹிம்சாகர் வாரத்துக்கு ஒரு நாள்தான். முன்பதிவு 60 நாளைக்கு முன்பு திறக்கும், அன்று காலையே போட்டுவிடுங்கள். நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, ஒரு போஸ்ட்பெய்ட் எண்ணாவது கையில் இருக்கட்டும்.