பட்டா நிலத்தில் ஊர் மைதானம்: கட்டுமானத்தைத் தடுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர்க் கால்பந்து மைதானம் நான்கு ஏக்கர். அறுபது வருடமாக மூன்று தலைமுறை அங்கே விளையாடியிருக்கிறோம். நிலத்துக்காரப் பெரியவர் "ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான்" என்று வாயால் கொடுத்தது. அவருடைய பேரன்கள் பட்டாவைக் காட்டி வீட்டுமனை நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். பெரியவர் சொல்லுக்கே துரோகம். மைதானம் கழகத்துக்கே சொந்தம் என்று வழக்குப் போடலாமா? (ஒரு விளையாட்டுக் கழகச் செயலாளர், தமிழ்நாடு)

பதில்: பேரன்கள் செய்தது துரோகமா என்று எந்த நீதிபதியும் கேட்கப் போவதில்லை. உங்கள் நீண்ட கடிதத்தில் வழக்குக்கு வேண்டியது ஒரே வரிதான்: "ஒவ்வொரு வருடமும் போட்டிக்கு முன்னால் மரியாதைக்காகப் பெரியவர் வீட்டில் அனுமதிக் கடிதம் கொடுப்போம்." அந்த மரியாதைதான் உங்களுக்கு ஆபத்து. உரிமையோடு விளையாடினீர்களா, அனுமதியோடு விளையாடினீர்களா என்பதில்தான் வழக்கே இருக்கிறது. எதிர்த்தரப்பு அந்தக் கடிதங்களைத்தான் முதலில் தாக்கல் செய்யும்.

"எங்களுக்கே சொந்தம்" என்று மட்டும் போய்விடாதீர்கள். கழகங்கள் வழக்கமாக விழும் குழி அது. எதிரிடை அனுபோகம், அதாவது அடுத்தவர் நிலத்தை நீண்ட காலம் கையில் வைத்திருந்ததால் சொந்தம் என்று கேட்டால், உரிமையாளர் பெரியவர்தான் என்று முதல் பக்கத்திலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்புறம் அவருக்கு எதிராக, அவருக்குத் தெரிய, 12 ஆண்டுகள் நிலத்தை உங்கள் கையில் வைத்திருந்ததாகக் காட்ட வேண்டும். சாயங்காலம் பந்து விளையாடுவது அனுபோகம் ஆகாது. அனுமதி வாங்கி விளையாடியது எத்தனை வருடமானாலும் எதிரிடை ஆகாது. "20 வருடம் ஆனால் வசதியுரிமை வந்துவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அது பக்கத்தில் சொந்த நிலம் உள்ளவன் அந்த நிலத்துக்காக, பாதை போல, அடுத்தவர் நிலத்தில் கேட்பது, விளையாடுகிறவர்களுக்குப் பொருந்தாது. மாஸ்டர் பிளானில் திடல் என்று ஒதுக்கியிருந்தாலும், மூன்று ஆண்டுக்குள் அரசு கையகப்படுத்தவில்லை என்றால் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் 38-ஆம் பிரிவுப்படி ஒதுக்கீடு போய்விடும்.

நீங்கள் கேட்கக்கூடியது ஊர் வழக்காற்று உரிமை. சொந்தம் கேட்காமல், ஊரார் விளையாடும் உரிமையை மட்டும் கேட்பது. அதுவும் கழகத்தின் பெயரில் அல்ல. ஊருக்காக, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1 விதி 8-இன் கீழ் (பலருக்காகச் சிலர் வழக்குப் போடும் விதி) நீதிமன்ற அனுமதியோடு. தனியாகப் போட்டுத் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஊருக்காகப் போட்டதாகச் சொல்லி, எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்பையே ஊரில் மற்றவர்களுக்கு எதிராகவும் காட்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. யூ.டி.ஆருக்கு (அரசு நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த திட்டம்) முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். 1980-களில் யூ.டி.ஆரின்போது புறம்போக்கு பட்டாவாகிப் போன இடங்கள் உண்டு. பழைய பதிவில் மந்தைவெளி என்றோ திடல் என்றோ இருந்தால் கதையே வேறு. பொது நிலங்களைக் காக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது உங்கள் பக்கம் நிற்கும். பழைய பதிவிலும் பட்டாதான் என்றால், என் அபிப்பிராயம்: பேசி முடியுங்கள்.

இடைக்காலத்தில் இரண்டு விஷயம். வேலியைப் பிடுங்காதீர்கள். கிரிமினல் வழக்கு வரும், தடையுத்தரவு கேட்கவும் முகம் இருக்காது. "இறுதிப் போட்டி முடியும்வரை பொறுங்கள்" என்று புதிய உரிமையாளருக்குக் கழக லெட்டர்பேடில் எழுதாதீர்கள். அது இன்னொரு அனுமதிக் கடிதம்.

சரி, பேசினால் என்ன கிடைக்கும்? 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்தே ஆக வேண்டும். நான்கு ஏக்கரில் அது 40 சென்ட்டுக்கும் குறைவு. கால்பந்துக்குப் போதாது, கபடிக்கும் கைப்பந்துக்கும் போதும். வழக்கு நிலுவையில் இருந்தால் மனை விற்பது சிரமம் என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால் கூடக் கேட்கலாம். மூலையில் கோணலாக ஒரு துண்டைத் தள்ளிவிடாதபடி, இடத்தை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். "விளையாட்டுத் திடலாக மட்டும்" என்ற வாசகம் தானப் பத்திரத்திலேயே வர வேண்டும். ஊருக்காகப் போட்ட வழக்கு என்றால் சமரசத்துக்கும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அது இல்லாத சமரசம் செல்லாது. நிர்வாகிகள் இரண்டு பேர் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரக் கூடாது.