ஐ5-7400 இருக்கும் போர்டில் 9ஆம் தலைமுறை புரொசசர் போடலாமா?

உங்கள் ஐ5-7400 இன்டெலின் 7ஆம் தலைமுறை புரொசசர். அதற்கும் 9ஆம் தலைமுறைக்கும் போர்டில் (மதர்போர்டில்) உட்காரும் இடத்தின் பின்களின், அதாவது தொடுமுனைகளின், எண்ணிக்கை 1151தான், அப்படியானால் பொருந்தும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே உட்காரும், ஆனால் வேலை செய்யாது. 8, 9ஆம் தலைமுறைகளுக்கு இன்டெல் 300 வரிசை சிப்செட்டை (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லை) கட்டாயமாக்கியது. உங்கள் போர்டில் அதிகபட்சம் 7ஆம் தலைமுறை ஐ7-7700, 7700கே வரைதான் போகலாம். அதையும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஆகவே போர்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

முதலில் இப்போதுள்ள ரேமைப் பாருங்கள். டிடிஆர்4 வகை என்றால் அதைக் கைவிட வேண்டாம், இன்டெலின் 12ஆம் தலைமுறை ஐ5-12400 எடுத்து டிடிஆர்4 போடும் பி660 சிப்செட் போர்டு வாங்கலாம். இதில் கவனம் தேவை: ஒரே மாடல் பெயரில் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் வருகின்றன. பெட்டியில் உள்ள முழுப் பெயரையும் வாசித்துப் பாருங்கள். எச்610 சிப்செட் போர்டு மலிவு, ஆனால் ரேமுக்கு இரண்டு இடம்தான். பழைய கூலர் இந்தப் போர்டுகளில் உள்ள எல்ஜிஏ 1700 சாக்கெட்டின் துளைகளுக்குப் பொருந்தாது, கூலரோடு வரும் புரொசசரையே கேளுங்கள்.

ஏஎம்டியின் ரைசன் 5 5600 புரொசசர், பி550 போர்டு ஜோடியும் எனக்குப் பிடித்ததுதான், அதற்கும் டிடிஆர்4 ரேம்தான். ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5 பக்கம் போனால் டிடிஆர்5 மட்டுமே.

கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி விலை கேளுங்கள். பயோஸ் (போர்டை இயக்கித் தொடங்கும் மென்பொருள்) புதுப்பித்துத் தருவார்களா என்றும் விசாரியுங்கள், பழைய பயோஸில் புதுப் புரொசசர் எழும்பாது. பாவித்த போர்டு என்றால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றில் இருந்ததென்றால் பச்சைத் துரு தெரியும், அதை வாங்காதீர்கள்.