பிரான்சில் மரவீடு: முத்தியால்பேட்டைத் தம்பிக்கு

தம்பி, பிரான்சுக்கு வந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, அதற்குள் கிழக்குப் பக்கத்து வோஜ் மலையடிவாரத்தில் மனை வாங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ச்சி. நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. உருட்டு மரங்களை அடுக்கி வீடு கட்டலாமா? ஒரே நிறுவனத்திடம் கொடுக்காமல் தச்சர், கூரைக்காரர், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் என்று நாமே தனித்தனியாக ஆள் பிடித்தால் செலவு குறையுமா? கரையான் அரித்துவிடும் என்று புதுச்சேரியில் புலம்பும் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

அம்மாவின் கேள்விதான் எளிது. பிரான்சில் கரையான் தொல்லை பெரும்பாலும் தென்மேற்குப் பக்கம். உங்கள் மலைக்குளிரில் அது பெரிய கவலை இல்லை. மரத்துக்கு எங்கும் பகை ஈரம்தான். நம் வைசியாள் வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரையைத் தாங்கும் தேக்கு உத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். நடுப்பகுதி காலம் கடந்தும் திடமாக நிற்கும்; மழைநீர் இறங்கும் இடத்தில், சுவருக்குள் செருகிய முனைதான் உளுத்துப்போயிருக்கும். இங்கும் அதே கதை. சுவரின் அடிச்சட்டம் வெளித்தரைமட்டத்திலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கூரை நன்றாக வெளியே நீண்டு இறங்க வேண்டும். இந்த இரண்டையும் வரைபடத்தில் பாருங்கள். வீடு கட்டி முடிந்தபின் தோட்டத்துக்கு மண் கொட்டுகிறவர் அந்த 20 சென்டிமீட்டரை மூடிவிடாமலும் பாருங்கள்.

2011 டிசம்பர் 30 தானே புயலைக் கண்ட அம்மா காற்றைப் பற்றியும் கேட்பார். 1999 டிசம்பர் 26 அன்று லோத்தார் புயல் இந்த வோஜ் காடுகளையே சாய்த்துப்போட்டது என்பதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். அடிச்சட்டத்தைக் கான்கிரீட் அடித்தளத்தோடு நங்கூரமிட்டுப் பிணைத்துத்தான் இங்கே கட்டுகிறார்கள் என்று சொன்னால் போதும்.

இனி உருட்டு மரம். இங்கே ஃபுய்ஸ்த் என்கிறார்கள். பார்க்கக் கண்கொள்ளாது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மரம் காயக் காயக் குறுக்குவாட்டில் சுருங்கும், நீளவாட்டில் சுருங்காது. படுக்கையாக அடுக்கிய சுவர் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பச்சை மரமென்றால் 2.5 மீட்டர்ச் சுவர் 10 சென்டிமீட்டருக்கு மேலும் இறங்கலாம். செங்குத்தாக நிற்கும் தூணோ இறங்காது. அதனால் தூணுக்கு அடியில் திருகித் தாழ்த்தும் ஜாக்கி வேண்டும், கதவு ஜன்னல்களின் மேலே இடைவெளி விட்டு மறைப்புப் பலகை அடிக்க வேண்டும். தச்சருக்கு இதெல்லாம் தெரியும். அவருக்குப்பின் வருகிறவர்களுக்குத் தெரியாது. பிளம்பர் மேல்மாடிக்குப் போகும் குழாயைச் சுவரோடு இறுக்கிப் பிடித்து ஆணியடிப்பார். உள்தடுப்புக் கட்டுகிறவர் அதை உத்திரம் வரை இடைவெளியின்றி ஏற்றுவார். சுவர் இறங்கும்போது குழாய் வளையும், தடுப்பு பிதுங்கும். கூப்பிட்டால், "என் வேலை சரியாகத்தான் இருக்கிறது, மரம்தான் நகர்ந்தது" என்பார்கள். அதில் பொய்யும் இல்லை!

மரவீட்டில் சண்டையெல்லாம் மரத்தால் வருவதில்லை; ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் எல்லையில்தான் வருகிறது. எங்கள் வீடு உருட்டு மரமல்ல, மரச்சட்டகம். சட்டகத்துக்குள் வெப்பக்காப்புப் பஞ்சு, அதன் உள்பக்கம் ஈரத்தடுப்பு உறை. தச்சர் அந்த உறையைத் தையல் தெரியாமல் ஒட்டிவிட்டுப் போனார். எலெக்ட்ரீஷியன் வந்து ஒவ்வொரு சுவிட்சுப் பெட்டிக்கும் அதைக் கிழித்தார். இங்கே புதுவீடு கட்டி முடிந்தால் காற்றுக்கசிவுச் சோதனை கட்டாயம். வெளிச்சுவர்ப் பரப்பில் சதுர மீட்டருக்கு மணிக்கு 0.6 கன மீட்டருக்கு மேல் கசியக்கூடாது. அந்தக் கிழிசல்களால் எங்கள் வீடு தேறவில்லை. தச்சர் எலெக்ட்ரீஷியனைக் காட்டினார். எலெக்ட்ரீஷியனோ, ஓட்டையை அடைப்பது தன் மதிப்பீட்டில் இல்லை என்று தாளை நீட்டினார். தலைமை ஒப்பந்ததாரர் ஒருவர் இருந்ததால் இருவரின் சண்டையும் அவர் தலையில் விழுந்தது, செலவும் அவருடையதாயிற்று. அவர் இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

ஆகவே தனித்தனியாக ஆள் பிடித்தால் செலவு குறையுமா என்ற கேள்விக்குப் பதில்: காகிதத்தில் குறையும். தலைமை ஒப்பந்ததாரரின் லாபம் மிச்சம். ஆனால் அவர் செய்யும் வேலை உங்கள் தலைக்கு வரும், நீங்களோ பகலெல்லாம் அலுவலகத்தில் இருப்பீர்கள்.

1990 டிசம்பர் 19 சட்டப்படி தனிவீடு கட்டுவதற்கென்றே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, செசெமி என்பார்கள். விலை முன்கூட்டியே உறுதி. கட்டுபவர் பாதியில் மூழ்கினாலும் வீட்டை முடித்துத் தர உத்தரவாதம் உண்டு. தாமதமானால் நாளொன்றுக்கு விலையில் குறைந்தது மூவாயிரத்தில் ஒரு பங்கு அபராதம். பணம் கொடுப்பதிலும் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது: அடித்தளம் முடிந்தால் மொத்தத்தில் 25 சதவீதம், சுவர் எழுந்தால் 40, கூரை மூடினால் 60, உள்தடுப்புகளும் கதவு ஜன்னலும் வந்தால் 75, உள்வேலைகள் எல்லாம் முடிந்தால் 95 வரை. அதற்குமேல் முன்னதாகக் கேட்கவே முடியாது. ஊரில் மேஸ்திரிக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்துப் பழகிய நமக்கு, "கொஞ்சம் முன்பணம் கொடுங்கள், மரம் வாங்க வேண்டும்" என்றால் கை தானாகப் பைக்குள் போகும். போகவிடாதீர்கள்.

அப்படியும் தனித்தனியாகத்தான் பிடிப்பேன் என்றால், ஒவ்வொருவரின் மதிப்பீட்டிலும், அதாவது தெவியிலும், அந்த எல்லையை எழுத வையுங்கள்: உறையில் யார் துளையிடுகிறாரோ அவரே அடைக்க வேண்டும், குழாய்க்கு நகர இடம் விட வேண்டும் என்று. கையெழுத்திட்ட தெவிதான் இங்கே ஒப்பந்தம். வாய்ப்பேச்சுக்கு விலை இல்லை. கட்டிய வேலையில் பத்தாண்டுக்குள் பெரும் பழுது வந்தால் ஈடுகட்டும் பத்தாண்டுக் காப்பீட்டின் சான்றிதழை வேலை தொடங்குமுன் வாங்கிப் படியுங்கள். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த கட்டாயம் அது. சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது, எந்தெந்த வேலைக்கு என்ற பட்டியலில் மரச்சட்டக வேலை இருக்கிறதா என்று பாருங்கள். ஓடு போடுகிறவரின் சான்றிதழை வைத்துச் சுவர் எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தப் பத்தாண்டுப் பொறுப்பு, உங்களோடு நேராக ஒப்பந்தம் செய்தவருக்குத்தான். தலைமை ஒப்பந்ததாரர் கூட்டிவரும் துணை ஒப்பந்ததாரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் அவரிடம் போய் மல்லுக்கட்ட வேண்டாம். அவருடைய ஆட்களுக்கு நேராகக் கட்டளையும் இட வேண்டாம். "இந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி வையுங்களேன்" என்று காப்பி கொடுத்துக்கொண்டே சொல்வது நம் வழக்கம். இங்கே அந்தத் தள்ளலுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மாற்றமா, தலைமை ஒப்பந்ததாரருக்கு எழுதுங்கள், விலையோடு தாளில் வரட்டும். நீங்கள் ஏற்றுக்கொண்ட துணை ஒப்பந்ததாரருக்குத் தலைமை ஒப்பந்ததாரர் பணம் தராமல் ஏமாற்றினால், 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் துணை ஒப்பந்ததாரர் உங்களிடமே வந்து கேட்கலாம், நீங்கள் இன்னும் கொடுக்க வேண்டிய தொகையின் அளவுக்கு. முன்பணம் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. "நம்ம ஊர் ஆள்தான், ரசீது வேண்டாம், பாதி விலை" என்று யாராவது ஒரு மாமா அழைத்துவருவார். ரசீது இல்லையென்றால் காப்பீடு இல்லை. பெயிண்ட் உரிந்தால் சிரித்துக்கொண்டு போகலாம், கூரை ஒழுகினால் உறவும் போகும். இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் இல்லை.

என் கருத்து: முழுநேர வேலையும் கைக்குழந்தையும் இருக்கும் உங்களுக்கு உருட்டு மரம் வேண்டாம். மரச்சட்டகம், செசெமி ஒப்பந்தம். 2022 ஜனவரி முதல் நடப்பிலுள்ள கட்டட விதிகள், வீட்டால் வெளியாகும் கார்பனின் கணக்கும் பார்ப்பதால் மரச்சட்டகத்துக்குச் சாதகம். வெறும் உருட்டு மரச்சுவரோ தனியே வெப்பக்காப்பில் தேறத் திணறும். பரப்பு 150 சதுர மீட்டரைத் தாண்டினால் கட்டடக் கலைஞர் கட்டாயம், அதையும் கணக்கில் வையுங்கள். ஆகஸ்டில் யாரும் வேலைக்கு வரமாட்டார்கள். ஊருக்குப் போய்வர அதுவே நல்ல நேரம்.

கடைசியில் உங்கள் மனைவி கேட்டிருந்த புதுமனைப் புகுவிழா. வீட்டை ஒப்படைக்கும் நாளில் குறைகளைப் பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பத்தாண்டுக் கணக்கு அன்றுதான் தொடங்கும். குறை எழுதியிருந்தால், அது சரியாகும் வரை மீதி 5 சதவீதத்தைக் கட்டுபவரிடம் கொடுக்காமல் வைத்திருக்கலாம். அதற்குமுன் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுக் குடியும் புகுந்தால், குறையில்லாமல் ஏற்றுக்கொண்டதாகவே நீதிமன்றம் கருத இடமுண்டு. எனவே ஐயரிடம் முகூர்த்தம் கேட்பதை அந்தக் கையெழுத்துக்குப் பின் வையுங்கள். பாலை உள்ளே காய்ச்சுங்கள். ஹோமத்தை முற்றத்தில் வளர்த்துக்கொள்ளுங்கள். 2015 மார்ச்சிலிருந்து எல்லா வீட்டிலும் புகைமணி கட்டாயம், அது மந்திரத்தைக் கேட்கவிடாது.